மாப்பிள்ளை விசாரிக்கப் போன மாலை

ஒருவனைப் பற்றி அவனுக்கே தெரியாமல் விசாரிப்பதை நம் ஊரில் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. பெண் கொடுக்கிற வீட்டுக்கு அது கடமை. மாப்பிள்ளையின் தெருவில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், அவன் படித்த கல்லூரியில் வேலை பார்க்கும் தூரத்து உறவு, அவனுக்கு முடி வெட்டுகிறவர் என்று எல்லாரிடமும் பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்துவிட்டால் இந்தக் கடமை என்னைப் போன்றவன் தலையில் வந்து விழும். "பையன் குவைத்துல ஃபஹாஹீல்ங்கற எடத்துல இருக்கானாம், உனக்குப் பக்கம்தானே?" என்று சொந்தக்காரர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். நடுவில் ஒரு கடலும் ஒரு விசாவும் இருக்கிறது என்று சொன்னேன். செய்ய மனசில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த முறை கேட்டது என் அக்கா. சாக்குச் சொல்ல வழியில்லை. பையனும் குவைத்தில் இல்லை, துபாயிலேயே தேரா பகுதியில் இருந்தான். நான் மனைவியோடு ஷார்ஜாவில், முவைலா பக்கம் குடியிருந்தேன். துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சாலைகளையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

அக்காவின் கணவர் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அவர் இருந்தபோது அக்கா பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் பாட்டில்களை ஒளித்துவைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை வாசலிலேயே நிறுத்தி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அக்கா உள்ளே போவாள். அந்த மகளுக்குத்தான் இப்போது வரன். திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பையனுக்குப் புதுக்கோட்டை பக்கம், துபாயில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல் வேலை. பையன் லீவில் வந்திருந்தபோது குடும்பத்தோடு பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேலை சின்னதா இருந்தாலும் பரவாயில்லடா. நிறம், வசதி எதையும் நான் கேக்கல. குடிக்கிறானா இல்லையா, அத மட்டும் உன் கண்ணால பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா. பிறகு அக்கா மகள் போனை வாங்கினாள். பேசிக்கொண்டே மாடிப்படிக்குப் போய்விட்டாள் என்பது குரல் எதிரொலித்ததில் தெரிந்தது.

"மாமா, எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட அப்படிச் சொல்ல முடியாது. சும்மா தூரத்துலேர்ந்து பார்த்துட்டு வராதீங்க. அவர்கிட்ட நேர்ல பேசிட்டுச் சொல்லுங்க."

பேசுகிறேன் என்றேன். தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் தனி மதிப்பு உண்டு. நான் சரி என்றால் அக்கா தட்டு மாற்றிவிடுவாள். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிற ஆள் நான். யாராவது கதை சொன்னால் நடுவிலேயே முடிவைச் சொல்லிவிடுவேன், பாதி நேரம் அது தப்பாக இருக்கும். இவ்வளவுக்கும் என் வேலை கான்கிரீட் சோதனைக்கூடத்தில். கட்டடத்துக்கு ஊற்றுகிற கலவையில் கொஞ்சம் எடுத்துக் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்த்துத்தான் தேறியதா இல்லையா என்று எழுத வேண்டும். ஒரு நாள் முன்னதாகக் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று என் மனைவி சொல்வாள்.

அவளையும் கூப்பிட்டேன். "ஆள வேவு பாக்கற வேலைக்கெல்லாம் நான் வரல. போய் நேரா கையக் குடுத்து, நான் பொண்ணோட மாமான்னு சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றாள். உனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது என்று அவளை அடக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாகக் கிளம்பினேன்.

விடுமுறை நாளிலும் ஷார்ஜா சாலை நகரவில்லை. தேராவில் ஓடைக்கரையோரம் காரை நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றினேன். ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கடை. இஸகாயா என்பார்கள். வேலை முடித்து வரும் ஜப்பான்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகளில் எதையாவது வாங்கி, பகிர்ந்து சாப்பிட்டபடி குடிக்கிற இடம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து, பேப்பர் படிப்பதுபோலப் படித்து, ஆளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தேன்.

மரக்கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே இருந்த அத்தனை பணியாளர்களும் ஒரே குரலில் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

வரவேற்பாம். யார் நுழைந்தாலும் அப்படித்தான் கத்துவார்களாம். பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டேன். ரகசியமாக விசாரிக்க வந்தவனைக் கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு பிலிப்பினோ பெண் சிரித்தபடி என்னை நேராக நடுவில் இருந்த நீளமான மரப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் கரி அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான்.

அக்கா அனுப்பிய போட்டோவில் கோட் போட்டு, ஸ்டூடியோவின் நீல வானத்துக்கு முன்னால் நின்றவன். இங்கே நெற்றியில் வெள்ளைத் துணியை முறுக்கிக் கட்டியிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சோளம் சுடுகிறவரைப் போல ஒரு கையால் விசிறிக்கொண்டே, மறு கையால் கோழித் துண்டு குத்திய குச்சிகளைத் திருப்பிப் போட்டான். ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்தப் பெண் கத்த, அவனும் மற்ற இரண்டு சமையல்காரர்களும் அதையே திருப்பிக் கத்தினார்கள். புதுக்கோட்டைப் பையன் ஜப்பான் மொழியில் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல முகம். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வந்தது. வேறு யாருடையதோ என்று அதைத் தள்ளி வைத்தேன். உட்காருகிற எல்லாருக்கும் உண்டு என்று அந்தப் பெண் மறுபடி என் பக்கம் நகர்த்தினாள். ஒரு ஆரஞ்சு ஜூஸும் இரண்டு குச்சி கோழியும் சொன்னேன். பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாலு ஜப்பான்காரர்கள். அவர்களுடைய சிரிப்பும் புகையும் கரண்டிச் சத்தமும் சேர்ந்து, எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பேசலாமா? இவ்வளவு சத்தத்தில் என்னவென்று பேசுவது? "தம்பி, நீ குடிப்பியா?" என்றா?

அப்போதுதான் அது நடந்தது. அந்த நால்வரில் மூத்தவர் அவனைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் உற்சாகமாகக் கத்தினாள். வெளிப்பக்கம் குளிரில் வேர்த்திருந்த ஒரு பெரிய கண்ணாடிக் குவளை பலகைக்கு மேலாக அவன் கைக்குப் போனது. மூத்தவர் தன் குவளையை நீட்ட, அவன் தன்னுடையதைக் கொஞ்சம் தாழ்த்தி அதோடு மோதினான். எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் அண்ணாந்து ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். உள்ளே இருந்தது என்ன நிறம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா வீட்டு அலமாரியில் பார்த்த நிறம்தான்.

அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை. மூன்று வெவ்வேறு ஆட்கள் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று முறையும் அவன் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே குடித்தான். முகம் சிவந்திருந்தது. கரி அடுப்புக்கு முன்னால் நிற்கிற எவனுக்கும் முகம் சிவக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு உள்ளே கொதித்தது. வேலை நேரத்திலேயே இப்படி என்றால் வீட்டில் எப்படி இருப்பான்? இரண்டாவது குச்சியைத் தொடாமல், பணத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். பின்னால் அத்தனை பேரும் சேர்ந்து எனக்கு நன்றி கத்தினார்கள்.

காரில் உட்கார்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றுகூடத் தோன்றவில்லை. "வேண்டாம்க்கா. குடிக்கிறான். என் கண்ணு முன்னாடியே மூணு கிளாஸ்" என்றேன். "நல்ல வேளைடா. நீ இருந்ததால தப்பிச்சோம்" என்றாள் அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் இப்போது என்ன இருக்கிறது?

மறுநாளே பையன் வீட்டுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லாரும் சொல்கிற காரணம்தான் அது. யார் மனமும் நோகாது.

அன்று சாயங்காலம் அக்கா மகள் கூப்பிட்டாள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, அவர்கிட்ட பேசினீங்களா?"

பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன குறைந்துவிடும்? ஆனால் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நிறைவேற்றவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"பேசினேம்மா."

"குடிக்கிறதப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

நான் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "குடிப்பேன்னு அவனே ஒத்துக்கிட்டாம்மா. இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்னு சொல்றான்" என்றேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கேட்டால் நம்பும்படியாக இருந்தது.

"அவரே சொன்னாரா?" என்று இன்னொரு முறை கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். என் மனைவி உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாடு போடும்போதும் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து எங்கள் கட்டுமான வேலையில் ஆலோசகராக இருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பக் கிளம்பினார். சோதனைக்கூடத்தில் என்னோடு நிறையச் சண்டை போட்டவர், அதனாலேயே என்மேல் பிரியம். விருந்துக்கு எங்களில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டார். இடத்தின் பெயரைச் சொன்னதுமே அதே கடை என்று தெரிந்தது. தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

மறுபடி அதே கதவு, அதே கத்தல். அவன் அதே அடுப்புக்குப் பின்னால் நின்றான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார இடம் தேடினேன், கிடைக்கவில்லை. எல்லாருக்கும் பீர் வந்தது. நான் குடிக்க மாட்டேன் என்று தெரிந்த பொறியாளர், அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். எனக்கும் அதேபோன்ற குவளை வந்தது. அதே குளிர், அதே நிறம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேண்டாம் என்று தள்ளினேன்.

அவர் சிரித்தார். பீர் இல்லை, குடித்துப் பாருங்கள் என்றார். வாயில் வைத்தேன். வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். சர்க்கரைகூட இல்லை. நம் வீட்டில் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பார்லிக் கஞ்சியைத் தெளியவைத்து வறுவல் வாசனை சேர்த்ததுபோல இருந்தது. இங்கே சமையல்காரர்கள் குடிப்பதும் இதைத்தான் என்றார் அவர். நெருப்புக்கும் கத்திக்கும் முன்னால் நிற்கிறவர்கள் வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது என்பது கடையின் கட்டுப்பாடு. ஆனால் நன்றாகச் சமைத்தவருக்கு ஒரு குவளை வாங்கிக் கொடுப்பது வாடிக்கையாளர் செய்கிற மரியாதை. மறுத்தால் வருத்தப்படுவார்கள். அதனால் குவளையில் இதை ஊற்றிக் கொடுப்பார்கள். கொடுப்பவருக்கும் தெரியும், குடிப்பவருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடையில் அது தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

பொறியாளர் அவனுக்கும் ஒரு குவளை சொன்னார். அவன் அதை மோதிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார் தமிழா?" என்றான். நான் தலையாட்டினேன். "மொகத்தப் பார்த்தாலே தெரியுது சார். எந்த ஊரு?"

"மதுரை" என்றேன். மதுரைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"நமக்குப் புதுக்கோட்ட பக்கம் சார். போன மாசம்தான் கல்யாணத்த முடிச்சிட்டு வந்தேன்." விசிறியைப் பிடித்திருந்த கையை நீட்டி மோதிரத்தைக் காட்டினான். புகையில் கருத்துப்போன விரல்களில் அது மட்டும் புதிதாக இருந்தது. சந்தோஷமாக இரு என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். ஒரு தட்டில் கூடுதலாக இரண்டு குச்சிகளை வைத்து, "இது நம்ம கணக்கு சார்" என்று என் பக்கம் தள்ளினான். நான் அதைப் பொறியாளர் பக்கம் நகர்த்திவிட்டேன். விருந்து முடியும் வரை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பத்து நாளும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கசப்பும் வறுவலும் நாக்கில் வந்தன. மனைவியிடம் சொன்னேன். "அவன்கிட்ட சொல்லி இனி ஆகப்போறது ஒண்ணுமில்ல. உங்க அக்கா பொண்ணுக்குச் சொல்லணும்" என்றாள். அக்கா மகளுக்கு அதற்குள் இரண்டு வரன் வந்து, இரண்டையும் அவளே வேண்டாம் என்றிருந்தாள். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் நெஞ்சிலிருந்து இறக்கி வைப்பதற்காகத்தான் சொன்னேன் என்பது இப்போது தெரிகிறது.

அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன், காலையில் கூப்பிட்டேன். இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பால்கனியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது பார்லித் தண்ணீர் என்று சொன்னேன். அவன் குடிப்பவனே இல்லை போலிருக்கிறது, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, என்னை மன்னித்துவிடு என்றேன்.



"எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

"எது?"

"பார்லித் தண்ணி. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அஞ்சு நிமிஷம் தனியாப் பேசவிட்டாங்கல்ல, அப்பவே சொன்னார். அப்பாவப் பத்தி நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அதுக்கு அவர், கடையில கஸ்டமர் வாங்கிக் குடுப்பாங்க, நாங்க பார்லித் தண்ணிதான் குடிப்போம், யாராச்சும் பார்த்துட்டு வேற மாதிரி சொன்னா நம்பிடாதீங்கன்னார்."

"அப்படின்னா ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"அம்மா வந்து குடிக்கிறானாம்னு சொன்னப்ப நான் சிரிச்சேன் மாமா. மாமா தூரத்துலேர்ந்து பார்த்திருப்பார், விளக்கிச் சொல்லிடலாம்னுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க பேசினேன்னீங்க. குடிப்பேன்னு அவரே ஒத்துக்கிட்டார்னீங்க. அப்ப அவர்தானே எங்கிட்ட பொய் சொல்லியிருக்கணும்?"

போனில் அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அக்கா உள்ளேயிருந்து யார் போனில் என்று கேட்பதும் கேட்டது.

"மாமாம்மா. சும்மாதான்" என்று அவள் குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. எங்களுக்குன்னு நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு நம்பிட்டிருக்காங்க."

அக்காவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.